பசியறியா நகரம் அமிர்தசரஸ்

புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஒருவரிடம், ‘உங்கள் சொந்த ஊருக்குச் சென்றால் எங்கே சாப்பிட வேண்டும்?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் உணவு விடுதியின் பெயரையோ, தெருமுனைக் கடை ஒன்றின் பெயரையோ சொல்வார். விகாஸ் கன்னா அவ்வாறு சொல்பவரல்லர். நியூயார்க் நகரில் உணவகம் நடத்தி, உணவுலகின் உயரிய மதிப்பாகக் கருதப்படும் மிச்சலின் நட்சத்திரம் பெற்றவர்; தொலைக்காட்சியில் ‘மாஸ்டர் செஃப் இந்தியா’ நிகழ்ச்சியின் நடுவராக வீடுதோறும் அறிமுகமானவர். தம் ஊரான அமிர்தசரஸைப் பற்றிப் பேசும் போதெல்லாம் அவர் முதலில் நினைவுகூர்வது பொற்கோயிலின் லங்கர் என்னும் சமூகச் சமையற்கூடத்தைத்தான். சிறுவனாகச் சென்று அங்கே ரொட்டி தயாரிக்கும் தொண்டில் அமர்ந்ததே தமக்குச் சமையலின் பாலபாடம் என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

1971ஆம் ஆண்டு அமிர்தசரஸில் பிறந்த கன்னாவுக்குப் பிறவியிலேயே பாதங்கள் வளைந்திருந்தன. பதின்மூன்று வயது வரை மற்றக் குழந்தைகளைப் போல் ஓடியாட இயலவில்லை. தெருவில் விளையாட முடியாத அந்தப் பிள்ளைக்கு, ‘பீஜி’ என்று அவர் அழைத்த பாட்டியின் அடுக்களையே விளையாட்டுத் திடலாயிற்று. பதினேழு வயதில் சொந்த ஊரிலேயே ‘லாரன்ஸ் கார்டன்’ என்ற பெயரில் விருந்துச் சமையல் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மணிப்பாலில் முறைப்படி பயின்று, அமெரிக்கா சென்று, தாழ்ந்த நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தார். வெவ்வேறு சமயங்களில் உணவு எவ்வாறு பகிரப்படுகிறது என்பதைக் காட்டும் ‘ஹோலி கிச்சன்ஸ்’ என்ற ஆவணப்படத் தொடரையும் உருவாக்கியிருக்கிறார். அதில் சீக்கியர்களின் லங்கருக்கு முக்கிய இடம் உண்டு.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், நியூயார்க்கில் இருந்தபடியே இந்தியாவின் பல நகரங்களுக்கு அவர் உணவுப் பொருள்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்நாளில் ஒரு பேட்டியில், பசியை நீங்கள் அறிந்தது இந்தியாவில் ஏழ்மையாக வளர்ந்ததால்தானே என்ற பொருளில் அவரிடம் கேட்கப்பட்டது. தம் ஊரில் எவரும் பசித்திருக்க வேண்டியதில்லை, ஊர் முழுவதும் உண்ணக்கூடிய சமையற்கூடம் அங்கே இருக்கிறது, பசியைத் தாம் அறிந்தது நியூயார்க்கில்தான் என்று அவர் விடையளித்தார். அந்த விடைக்குப் பொருள் தேடிச் செல்வது போல, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் ஒரு பிப்ரவரி மாதத்தில், என் மனைவியோடும் எழுபத்தாறு வயதான என் அக்காவோடும் அமிர்தசரஸ் சென்று ஐந்து நாள்கள் தங்கினேன். வாசக அன்பர்களில் காசி, அரித்துவாரம் வரை செல்வோர் பலர். இன்னும் சற்று மேற்கே செல்ல அவர்களுக்கு மனம் வரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

திருக்குளத்தால் பெயர் பெற்ற ஊர்

அமிர்த சரஸ் என்றால் அமுதத் திருக்குளம். நான்காம் குருவான ராம்தாஸ் 1577ஆம் ஆண்டு இவ்வூரைத் தோற்றுவித்தார் என்பர். முன்பு இது ராம்தாஸ்பூர் என்று வழங்கியது. இங்கே அவர் அகழ்ந்த குளமே பின்னர் ஊருக்குப் பெயரைத் தந்தது.

குளத்தைப் பற்றி ஒரு வரலாறு சொல்கிறார்கள். ரஜனி என்ற பெண், தொழுநோயால் நடக்க இயலாதிருந்த தன் கணவனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராகச் சென்றாள். ஒருநாள் அவனை ஒரு சிறு குட்டையின் கரையில், இலந்தை மரத்தடியில் இருத்திவிட்டு உணவு தேடச் சென்றாள். அந்தக் குட்டையில் மூழ்கிய கரிய காகங்கள் வெண்ணிறமாகி வெளிவருவதைக் கண்ட அவன், தானும் தவழ்ந்து சென்று மூழ்கி நோய் நீங்கி எழுந்தானாம். அவ்விலந்தை மரம், ‘துயர் துடைக்கும் இலந்தை’ என்ற பொருளில் ‘துக்பஞ்சனி பேரி’ என்ற பெயரோடு இன்றும் குளக்கரையில் நிற்கிறது. நோயுற்றோரை அதனடியில் நீராட்டுகிறார்கள். பெண்கள் நீராட மறைப்புடன் கூடிய தனித்துறை உண்டு.

குளத்தின் நடுவே எழுந்த ஹர்மந்திர் சாகிப் கோயிலை அமைத்தவர் ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ். மியான் மீர் என்ற இசுலாமிய ஞானி அதற்கு அடிக்கல் நாட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. 1604ஆம் ஆண்டு சீக்கியர்களின் திருநூல் இங்கே எழுந்தருளச் செய்யப்பட்டது. பின்னாளில் அப்தாலியின் படையெடுப்பில் இடிக்கப்பட்ட கோயில் மீண்டும் கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் பொன் தகடுகள் வேய்ந்ததால் பொற்கோயில் என்ற பெயரும் நிலைத்தது.

கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. நான்கு வருணத்தாரும் நான்கு திசையினரும் வரலாம் என்பது அதன் குறிப்பு. உள்ளே செல்லப் படியேறுவதில்லை, படியிறங்குகிறோம். தலை தாழ்ந்தவருக்கே தரிசனம் என்று உணர்த்துவது போலிருந்தது. காலணிகளைப் பெற்று வைக்கும் இடத்தில் நல்ல வசதி படைத்தவராகத் தோன்றிய முதியவர் ஒருவர், அடியார்களின் செருப்பிலுள்ள தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது அங்கே பெரிய சேவையாக மதிக்கப்படுகிறது.

கருவறையில் திருவுருவம் இல்லை. குரு கிரந்த சாகிப் என்ற திருநூலே எழுந்தருளியிருக்கிறது. விடியற்காலை அத்திருநூலை அகால் தக்திலிருந்து பல்லக்கில் கொண்டுவருவதும், இரவில் அவ்வாறே திரும்ப எழுந்தருளச் செய்வதும் காணக் கண் கோடி வேண்டும். திருப்பள்ளியெழுச்சியும் பள்ளியறைச் சேவையும் கண்டு பழகிய நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. அந்நூலில் பண்டரிநாதனின் அடியாரான நாமதேவர், கபீர்தாசர், ரவிதாசர் ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றுள்ளன. நாள் முழுவதும் பண்ணோடு ஓதப்படும் கீர்த்தனை குளத்து நீரின் மேல் தவழ்ந்து வருகிறது. மொழி புரியவில்லை; ஆயினும் இரண்டு மணி நேரம் எழ மனமின்றி அமர்ந்திருந்தோம். குருநானக்கின் திருவடி பட்ட இடமென்று நம் இராமேசுவரத்திலும் ஒரு குருத்வாரா இருப்பதை அப்போது அக்காவுக்குச் சொன்னேன். “அப்படியானால் அவர்தான் முதலில் நம் ஊருக்கு வந்திருக்கிறார்” என்றார்.

இரவும் பகலும் எரியும் அடுப்புகள்

கோயிலை வலம்வந்த பின் லங்கருக்குச் சென்றோம். நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேர் முதல் ஒரு இலட்சம் பேர் வரை இங்கே உண்பதாகக் கூறுகிறார்கள். இரவு, பகல் என்ற வேறுபாடு கிடையாது. சீட்டு இல்லை, கட்டணம் இல்லை, பெயரோ ஊரோ கேட்பவர் இல்லை.

வாயிலில் ஒருவர் தட்டு தருகிறார். இன்னொருவர் கிண்ணம் தருகிறார். மற்றொருவர் கரண்டி தருகிறார். கூடத்தில் நீண்ட பாய்கள் விரித்திருக்கின்றன. அவற்றில் வரிசையாக அமர்வதற்குப் ‘பங்கத்’ என்று பெயர். நம் ‘பந்தி’யின் உடன்பிறப்பு போன்ற சொல். வாளியில் பருப்பும் காய்க்கூட்டும் பாயசமும் வருகின்றன. ரொட்டி கொண்டுவருபவர், “பிரசாதா ஜி!” என்று குரல் கொடுக்கிறார். அதை ஒரு கையால் எடுத்தல் ஆகாது; இரு கைகளையும் குவித்து ஏந்த வேண்டும். செல்வர் வந்தாலும் கைகளை அவ்வாறே ஏந்துகிறார். இரவலர் வந்தாலும் அவ்வாறே. பதினைந்து இருபது நிமிடங்களில் வரிசை எழுகிறது; தரை கழுவப்படுகிறது; அடுத்த வரிசை அமர்கிறது. வெளியே தட்டு கழுவும் தொட்டிகளிலிருந்து எழும் எஃகு ஒலி ஓயாத மழை போல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

குருநானக் தொடங்கிய இவ்வழக்கத்தை மூன்றாம் குருவான அமர்தாஸ் நெறிப்படுத்தினார். முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும், அதன் பின்னரே குருவைக் காணலாம் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. கோயிந்த்வாலில் அவரைக் காண வந்த பேரரசர் அக்பரும் எளியவர்களோடு தரையில் அமர்ந்து உண்டார் என்று சீக்கிய மரபு சொல்கிறது.

ஆண்டுக்கணக்கில் வரவையும் செலவையும் சரிபார்த்து வாழ்ந்த எனக்கு, இத்தனை பெரிய செலவுக்கு வரவு எங்கிருந்து வருகிறது என்று அறியும் ஆவல். வருவாயில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு ஒதுக்கும் ‘தஸ்வந்த்’ என்ற வழக்கம் சீக்கியர்களிடம் உண்டு. பணமாகத் தருவோர் ஒருபுறம். கோதுமை மூட்டையையும் நெய் டின்னையும் தோளில் சுமந்து வந்து இறக்கிவிட்டுச் செல்வோர் மறுபுறம். உழைப்பில் மிகப்பெரும் பகுதி தொண்டர்களுடையது. மாவு பிசைவது, காய் நறுக்குவது, பருப்பு கிண்டுவது, தட்டு கழுவுவது எல்லாமே உண்ண வந்தவர்கள் செய்வதுதான். கூட்டம் மிகும் நாள்களில் ரொட்டி சுடும் இயந்திரங்களும் ஓடுகின்றன. ஈந்தவர் யார், உண்டவர் யார் என்று பிரித்தறிய முடியாதபடி இக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே உண்பவர் எவருக்கும் ஏற்பவர் என்ற கூச்சம் வருவதில்லை. சமையற்கலைஞர் கன்னா நியூயார்க்கில் அறிந்ததாகச் சொன்ன பசியில், வயிற்றுப் பசியோடு இந்தக் கூச்சமும் கலந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் நியமம்

என் அக்கா திருநெல்வேலிச் சீமையில் வாழ்பவர். இளவயதிலேயே சிவதீட்சை பெற்றவர். தம் கையால் சமைத்ததையோ, உறவினர் வீட்டில் நீராடிச் சமைத்ததையோ அன்றி வேறெதையும் ஐம்பது ஆண்டுகளாக அவர் உண்டதில்லை. கோயில் பிரசாதம் மட்டும் விலக்கு. இப்பயணத்துக்கும் அவலும் பொரிமாவும் கருப்பட்டியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். முதல் இரண்டு நாள்கள் நாங்கள் லங்கரில் உண்ணும்போது அவர் குளக்கரையிலேயே அமர்ந்து பஞ்சாட்சரம் செபித்தார். அறைக்குத் திரும்பி அவலும் பாலும் பழமும் உண்டார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. நியமம் என்பது ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு; அதை மற்றவர் எடுத்துச் செலவிட முடியாது.

மூன்றாம் நாள் காலை, ரொட்டி தயாரிக்கும் கூடத்தைக் காட்டுவதற்காக அவரை அழைத்துச் சென்றேன். பெண்கள் வட்டமாக அமர்ந்து மாவை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தனர். அவர் வயதையொத்த பஞ்சாபி மூதாட்டி ஒருவர், அக்காவைக் கண்டதும் சற்று நகர்ந்து, அருகிலிருந்த தரையைக் கையால் தட்டிக் காட்டினார். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூடக் கிடையாது. அக்கா கைகளைக் கழுவிவிட்டு வந்து, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அமர்ந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கிருந்து எழவில்லை.

எழுந்ததும், “சாப்பிடப் போவோமா தம்பி?” என்றார். என் மனைவி வியப்போடு அவரைப் பார்த்தாள். “நான் உருட்டின மாவு இந்தக் கூட்டத்துல எங்கேயோ ஒரு தட்டுக்குப் போயிருக்கு. அதை யாரோ ஒருத்தர் ‘நீ யாரு’ன்னு கேக்காம சாப்பிடுதாரு. நான் மட்டும் கேக்கலாமா?” என்றார் அக்கா.

பந்தியில் எங்களிடையே அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி ரொட்டியை வாங்கினார். அரை ரொட்டியும் சிறிது பாயசமும் உண்டார். அறைக்குத் திரும்பியதும் வழக்கம்போல் நீராடித் திருநீறு பூசி மாலை வழிபாட்டை முடித்தார். ஊருக்குத் திரும்பிய பின் அவருடைய நியமம் பழையபடியே தொடர்கிறது. ஆனால், முன்பு இல்லாத ஒரு பழக்கம் சேர்ந்திருக்கிறது. திங்கட்கிழமைதோறும் ஊர்க் கோயிலின் அன்னதானக் கூடத்துக்குச் சென்று காய் நறுக்கிக் கொடுக்கிறார்.

துர்கியானா, அனுமன், வால்மீகி

பொற்கோயிலோடு அமிர்தசரஸ் முடிந்துவிடுவதில்லை. இரயில் நிலையத்துக்கு அருகிலேயே துர்கியானா கோயில் இருக்கிறது. இதுவும் குளத்தின் நடுவே, பொற்கோயிலின் அமைப்பைப் பின்பற்றிக் கட்டப்பட்டது. துர்க்கையின் பெயரால் வழங்கினாலும், நடுச்சன்னிதியில் எழுந்தருளியிருப்போர் இலக்குமி நாராயணர். இப்போதுள்ள கோயில் 1920களில் எழுந்தது. பண்டித மதன்மோகன் மாளவியா அதற்குத் துணைநின்றவர். வேலைப்பாடமைந்த வெள்ளிக் கதவுகளால் வெள்ளிக்கோயில் என்றும் சொல்வர். வளாகத்தில் சீதளா தேவிக்கும் தனிக்கோயில் உண்டு.

இங்குள்ள பெரிய அனுமன் கோயில் நம் அன்பர்கள் தவறவிடக் கூடாதது. அசுவமேதக் குதிரையைப் பிடித்த லவனும் குசனும், அதை மீட்க வந்த அனுமனைக் கட்டிவைத்தது இவ்விடத்து ஆலமரத்தில்தான் என்பது தலவரலாறு. பிள்ளைப்பேறு வேண்டிக்கொண்டவர்கள், பேறு கிட்டியதும் அக்குழந்தைக்குச் சிவப்பும் பொன்னுமான வானர உடை அணிவித்து, நவராத்திரி நாள்களில் இங்கே அழைத்து வருகிறார்கள். தாளமும் முழவும் முழங்க ஆடிவரும் அச்சிறு வானரப் படைக்கு ‘லங்கூர் மேளா’ என்று பெயர்.

நகரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் ராம் தீர்த்தம் இருக்கிறது. சீதாபிராட்டி அடைக்கலம் புகுந்த வால்மீகி ஆசிரமம் இதுவென்றும், லவகுசர்கள் பிறந்ததும் இங்கேயென்றும் நம்புகிறார்கள். சென்னைக் கோயம்பேட்டுக் குறுங்காலீசுவரர் கோயிலில் லவகுசர் கதையைக் கேட்டவர்களுக்கு, அக்கதையின் மற்றொரு முனையை இங்கே தொட்ட நிறைவு கிடைக்கும். பெரிய திருக்குளமும், வால்மீகி முனிவருக்கு அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்ட ஆலயமும் உள்ளன. கார்த்திகைப் பௌர்ணமியில் பெருந்திருவிழா நடைபெறுகிறது. நகரத்து மாதா லால் தேவி கோயில், வைஷ்ணவி தேவியின் குகைவழியை நினைவூட்டுமாறு அமைந்தது. குனிந்தும் தவழ்ந்தும் செல்ல வேண்டியிருப்பதால் முழங்கால் நோயுள்ளோர் வெளியிலிருந்தே வணங்கலாம்.

சைவ உணவுக்குக் குறைவில்லை

பழைய நகரின் குறுகிய சந்துகளுக்குள், பாசியான் சவுக்கில் ‘கேசர் தா டாபா’ இருக்கிறது. 1916ஆம் ஆண்டு இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷேக்குபுராவில் தொடங்கி, 1947 பிரிவினையின்போது அமிர்தசரஸுக்குக் குடிபெயர்ந்த சைவ உணவகம். முழு உளுந்தைச் சிறுதீயில் இரவெல்லாம் வேகவைத்துக் குழைத்தெடுக்கும் பருப்பு இதன் சிறப்பு. அடுக்கடுக்கான பராத்தாவும், மண்கிண்ணத்தில் ஆறவைத்த ‘பிர்னி’ என்ற அரிசிப் பாயசமும் சுவை மிக்கவை. நெய் தாராளம், இருவருக்கு ஒருவர் உணவே போதும். டவுன் ஹாலுக்கு அருகிலுள்ள ‘பராவான் தா டாபா’வும் நூறாண்டு கடந்தது.

உருளைக்கிழங்கும் மாதுளை விதைப் பொடியும் வைத்துத் தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட குல்சாவை, கொண்டைக்கடலையோடும் புளிச் சட்னியோடும் காலையிலேயே உண்கிறார்கள். லஸ்ஸி தரும் குவளையின் உயரத்தைக் கண்டால் நமக்கு மலைப்பு வரும். மேலே ஆடையும் மிதக்கும். ஒன்றை வாங்கி மூவர் பகிர்ந்தோம். ஊருக்கு எடுத்துவர, நம் வடகத்துக்கு உறவான காரசாரமான உளுந்து ‘வடி’களும் அப்பளங்களும் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொற்கோயிலில் பெறும் ‘கடா பிரசாத்’: கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம எடையில் சேர்த்துக் கிளறியது. உள்ளங்கையில் வாங்கிய பின்னும் நெய்மணம் நெடுநேரம் நீங்காது.

பொற்கோயிலிலிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாளில் கூடியிருந்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். சுவரில் குண்டு பட்ட தழும்புகளும், உயிர்தப்ப மக்கள் குதித்த கிணறும் உள்ளன. திருநாளுக்காக ஊர் வந்து, திரும்பாமற்போனோரை எண்ணி அங்கே சற்று நின்று வணங்கிச் செல்வது நம் கடமை.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

சென்னையிலிருந்து டெல்லி சென்று, அங்கிருந்து சதாப்தி இரயிலில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அமிர்தசரஸை அடையலாம். விமான நிலையமும் உண்டு. அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் இரயில்கள் தாமதமாகும். கோடையில் வெயில் கடுமை.

பொற்கோயிலில் ஆண், பெண் இருபாலரும் தலையை மூடியிருக்க வேண்டும். ஒரு துணியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். காலணியும் காலுறையும் ஆகா. கால் கழுவிய பின்னரே உட்செல்ல வேண்டும். பளிங்குத் தரை குளிர்காலத்தில் சில்லிடும். விரிப்பின் மேலேயே நடப்பது நல்லது. வார இறுதியிலும் திருநாள்களிலும் தரிசன வரிசை நீளும். பல்லக்குச் சேவையைக் காண விரும்புவோர் விடியலுக்கு முன்பே செல்லலாம். கோயிலைச் சார்ந்த சராய்களில் யாத்திரிகர் தங்க இடம் உண்டு.

லங்கர் முற்றிலும் சைவ உணவே. ஆயினும் பருப்பிலும் கூட்டிலும் வெங்காயம், பூண்டு சேர்ப்பதுண்டு. அவற்றை விலக்குவோர் ரொட்டியும் பாயசமும் மட்டும் பெறலாம். தட்டில் வாங்கியதை மீதம் வைக்காமல் உண்ண வேண்டும். தரையில் அமர இயலாத முதியோர் அங்குள்ள சேவகர்களிடம் தெரிவித்தால் உதவுவர். உண்டு எழுந்த பின் ஒரு கால்மணி நேரமாவது காய் நறுக்கியோ, தட்டு கழுவியோ வாருங்கள். உண்டியலில் இடும் காணிக்கையைப் போல அதையும் அங்கே மகிழ்ந்து ஏற்றுக்கொள்கிறார்கள்.